வாசகர் கேள்வி: அப்பாவப் பத்தி அஞ்சு நிமிஷம்

கேள்வி: அக்கா, எங்களுக்கு தங்கச்சிமடம். அப்பா போன மாசம் தவறிட்டாரு, நல்லா வாழ்ந்து முடிச்ச வயசுதான். சர்ச்சுல 30-ம் நாள் பூசைல என்னைய பேசச் சொல்றாங்க. எழுதி வாசிச்சுப் பாத்தா "கடின உழைப்பாளி, பக்தியானவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்"னு போஸ்டர்ல போடுற மாதிரியே இருக்கு. அப்பா பாம்பன்ல பொறந்து தனுஷ்கோடில தொழில் பாத்து புயலுக்கப்புறம் இங்க வந்தவரு. ஆதார்ல 1942னு இருக்கு, ஆனா புயலப்ப மூத்த அக்காவுக்கு நாலு வயசும்பாரு, கணக்கு உதைக்குது. இன்னொண்ணு, வள்ளத்துப் பங்குல சித்தப்பாவோட தகராறாகி 11 வருஷம் பேச்சு கெடயாது. பூசைல சமாதானம் சொல்ற நேரத்துல மட்டும் ரெண்டு பேரும் கும்பிட்டுக்குவாங்க, வெளிய வந்தா ஆளுக்கொரு பக்கம் போயிருவாங்க. பெறகு சேந்துட்டாங்க. சின்னக்கா இத விட்டுருடாங்குறா. விட்டுரவா?

பதில்: தம்பி, அந்தக் கும்பிட்டுக்குற வரிய நான் மூணு தடவ வாசிச்சேன். போஸ்டர் வாசகம் எழுதியிருக்கேன்னு வருத்தப்படுறீங்க, ஆனா கேள்விலயே அப்பாவ முழுசா எழுதிட்டீங்களே.

மொதல்ல வயசு. ஆதார பாக்காதீங்க, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு பாதிப் பேருக்கு குத்துமதிப்பா போட்டதுதான். பாம்பன்ல ஞானஸ்நானம் குடுத்திருந்தா கோயில் ஏட்டுல இருக்கணும், பொறந்த நாளு, தாய் தகப்பன் பேரு, ஞானத்தாய் ஞானத்தகப்பன் யாரு எல்லாம் எழுதியிருப்பாங்க. அந்தப் பேருக்குப் பக்கத்துலயே பிற்பாடு கல்யாணமான விவரத்தையும் குறிச்சு வைக்கிற வழக்கம் உண்டு. அது கெடைக்கலன்னா கல்யாண ஏடு. ஞாயித்துக்கிழம போயி நிக்காதீங்க, அன்னைக்கு பங்குச் சாமியாருக்கு மூச்சு விட நேரமிருக்காது.

புயல் 1964 டிசம்பர் 22 ராத்திரி. கிறிஸ்மஸுக்கு மூணே நாளு. பாம்பன்ல இருந்து போன பாசஞ்சர் ரயிலே ஆளோட கடலுக்குள்ள போச்சு, அதுக்கப்புறம் தனுஷ்கோடி மனுசன் வாழ லாயக்கில்லாத ஊருன்னு அரசாங்கமே அறிவிச்சிருச்சு. இதெல்லாம் கோயில்ல உக்காந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும், நீங்க சொல்ல வேண்டாம். அந்த வருச கிறிஸ்மஸ் அன்னைக்கு அப்பா எங்க இருந்தாரு, மேல என்ன துணி இருந்துச்சு, யார் வீட்டுல சோறு தின்னாரு, அதக் கேட்டு எழுதுங்க. அம்மாவுக்குத் தெரியும், இல்லாட்டி மூத்தக்காவுக்கு.

உழைச்சாருங்குறதும் அப்படித்தான். பாம்பன் ரோடு பாலம் தொறந்தது 1988-ல. அதுக்கு முன்னாடி ராத்திரி பிள்ளைக்கு காச்சல்னு ராமநாதபுரத்துக்குத் தூக்கிட்டுப் போகணும்னா ரயில விட்டா வள்ளம்தான், உங்க வீட்டுலயும் அப்படி ஒரு ராத்திரி இருக்கும். அது ஒண்ணு போதும், பிள்ளைங்கள வளத்தாரு அரும்பாடு பட்டாருன்னு தனியா சொல்லத் தேவையில்ல. ஆங், அம்மாவ மறந்துராதீங்க. மீன அப்பா கொண்டு வந்தாரு சரி, கூடைல தூக்கிட்டுப் போயி வித்து காசாக்குனது யாரு? நம்மூரு துக்கப் பேச்சுல இது மட்டும் எப்பவுமே காணாமப் போயிரும், எனக்கு எரிச்சலா வரும்.

பக்தியப் பத்தி ஒண்ணு சொல்றேன். மண்டபத்துல எங்க பெரியப்பா அடக்கத்துல அவரு பக்திமான்னு ஏழெட்டுப் பேரு பேசுனாங்க, எனக்கு ஒண்ணுமே மனசுல நிக்கல. எனக்கு நிக்கிறது என்னன்னா, ஞாயித்துக்கிழம விடியல்ல ரெண்டாம் மணி அடிக்கிற வரைக்கும் கோயில் படில உக்காந்து ஒரு ஈர்க்குச்சிய வச்சு நகத்துக்குள்ள இருக்கிற மீன் செதிள ஒண்ணொண்ணா நோண்டி எடுப்பாரு, அப்புறம்தான் உள்ள போயி நன்மை, அதான் பூசைல குடுக்குற நற்கருணை, வாங்குவாரு. நாங்க சின்னப் பிள்ளைங்க அவரு விரலையே பாத்துக்கிட்டு நிப்போம். உங்கப்பாகிட்ட அப்படி என்ன இருந்துச்சுன்னு யோசிங்க, கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போயிட்டு வந்து என்ன பேசுவாருன்னாவது ஞாபகம் வரும்.

இப்ப சித்தப்பா விசயம். என்னையக் கேட்டா விடக்கூடாது. ஆனா அத சபைல சொல்லலாமா வேண்டாமான்னு முடிவு பண்ண வேண்டியது நானுமில்ல உங்க சின்னக்காவுமில்ல, முன் வரிசைல வந்து உக்காரப் போற அந்த மனுசன். நேர்ல போயி காப்பி குடிச்சுக்கிட்டே கேளுங்க. சரின்னாருன்னா அந்தப் 11 வருசத்த ரெண்டே வரில சொல்லுங்க, பங்குத் தொகை எவ்வளவு, யாரு மேல தப்பு, அதெல்லாம் வேண்டாம். வேண்டாம்ப்பான்னாருன்னா பூசை முடிஞ்சு வீட்டுல சாப்பாட்டுப் பந்தில அவரே ஆரம்பிப்பாரு பாருங்க.

சாமியார்கிட்ட முன்னாடியே சொல்லி வச்சிருங்க. பிரசங்கத்துக்குப் பதிலா பேச விட மாட்டாங்க, நன்மை குடுத்து முடிஞ்ச பெறகுதான் நேரம் குடுப்பாங்க. பெரிய எழுத்துல ரெண்டு பக்கத்துக்கு மேல வேண்டாம். நடுவுல தொண்டை அடைச்சா அக்காகிட்ட பேப்பரக் குடுத்துருங்க, அவங்கள பக்கத்துலயே நிக்கச் சொல்லுங்க.

சித்தப்பா என்ன சொன்னாருன்னு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்க.