வெள்ளைக்கண்ணியின் கண்

அன்புள்ள அண்ணா,
கொட்டகலையில் எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் கொய்யா மரத்துக்குக் காலையில் வெள்ளைக்கண்ணிக் குருவிகள் வருகின்றன. ஏபிஎஸ்-சி (சிறிய சென்சர்) கமரா, 400 மி.மீ. லென்ஸ். மூன்று மீற்றர் வரை கிட்டப் போய்விடுகிறேன். லென்ஸின் துவாரத்தை எஃப் 5.6இல் வைத்தால் அலகு தெளிவு, கண் மங்கல். துவாரத்தைச் சுருக்கி எஃப் 16 வைத்தால் படத்தில் குருவி முழுவதுமே மங்கிவிடுகிறது. எங்கே பிழை?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,
லென்ஸில் பிழை இல்லை. அந்த மூன்று மீற்றர்தான் பிழை. அவ்வளவு கிட்டத்தில் எஃப் 5.6இல் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். குருவி உங்கள் பக்கம் முகத்தைத் திருப்பினால் அலகு நுனிக்கும் கண்ணுக்கும் இடையில் அதைவிடக் கூடுதல். இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும். எஃப் 16இல் ஆழம் மூன்று மடங்காகும், வெளிச்சமோ எட்டில் ஒன்றாகிவிடும். 1/800 செக்கனில் எடுத்த ஷட்டர் வேகம் 1/100க்கு இறங்கும். பனிமூட்டம் விலகாத நம் மலைக் காலையில், ஒரு நொடி சும்மா இராத குருவிக்கு அது போதவே போதாது.

ஆறு மீற்றருக்குப் பின்வாங்குங்கள். ஆழம் நான்கு மடங்காகும். படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது அதில் பாதி போனாலும் இரு மடங்கு மிஞ்சும். ஐ.எஸ்.ஓ.வை (ஒளி உணர்திறனை) 1600, 3200 என்று ஏற்றத் தயங்கவேண்டாம். புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தைச் சரிசெய்யலாம், மங்கிய கண்ணை ஒன்றும் செய்ய முடியாது.

அப்புறம், உங்கள் மூச்சு. நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குக் குளிர்காலத்தில் காஷ்மீர் ஈப்பிடிப்பான் வரும். ஒரு முறை அது மிகக் கிட்டத்தில் வந்து உட்கார்ந்தது. கண்ணில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, சட்டகத்தைச் சற்று நகர்த்தி எடுத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு கண்கூடத் தெளிவில்லை. மூச்சு விடும்போது உடம்பு ஒரு சென்ரிமீற்றர் முன்னே சாய்ந்தாலே எல்லாம் போய்விடும். அன்றைக்கு எனக்கு அழுகையே வந்தது. அன்றிலிருந்து பூட்டுவதில்லை. கமரா விடாமல் ஃபோகஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும் தொடர் ஃபோகஸில், ஒற்றை ஃபோகஸ் புள்ளியைக் கண்மேலேயே வைத்துக்கொண்டு நாலைந்து படமாகத் தட்டுவேன்.

வெள்ளைக்கண்ணி இதற்கு நல்ல பறவை. கமராத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையத்தில் நுண்ணிறகுகள் தனித்தனியே பிரிந்து தெரிந்தால் ஃபோகஸ் சரி. வெள்ளைக் கோடாகப் பூசியதுபோல் இருந்தால் தவறிவிட்டது.

தள்ளி நின்றால் அதுவும் பதறாமல் நின்று சாப்பிடும். கொய்யாவைக் கொத்த உடம்பைப் பக்கவாட்டில் திருப்பும்போது அலகும் கண்ணும் செட்டையும் ஒரே தளத்துக்கு வரும். அதுவரை விரலை அழுத்தாதீர்கள்.