பரனூர் டோல்கேட்டில் பாட்டு தணிந்தது ஏன்?

அன்புள்ள ஐயா,

மாதம் இரண்டு முறை அப்பாவை மருத்துவப் பரிசோதனைக்காக விழுப்புரத்திலிருந்து சென்னைக்குக் காரில் அழைத்துப் போகிறேன். அப்பாவுக்கு 74 வயது, காது கொஞ்சம் மந்தம். வழியெல்லாம் வீணைக் கச்சேரி போடச் சொல்வார். ஆறு மாதம் முன்பு வாங்கிய பழைய கார். பரனூர் டோல்கேட் வந்து வேகம் குறைந்தால் பாட்டின் சத்தமும் தானாகக் குறைகிறது. தாண்டி வேகம் எடுத்ததும் மறுபடி ஏறிக்கொள்கிறது. "ஏன்டா குறைச்சே?" என்று அப்பா ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நான் கை வைக்கவே இல்லை. ஒரு கடையில் காட்டினேன். "செட் போச்சு சார், மாத்திடுங்க" என்றார்கள். நண்பர் ஒருவரோ, அது வேகத்துக்கு ஏற்பச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி என்கிறார். அப்படியென்றால் வேகம் அதற்கு எப்படித் தெரிகிறது? உள்ளே மைக் வைத்து நாங்கள் பேசுவதையும் கேட்கிறதா?

ரா., விழுப்புரம்

அன்புள்ள ரா.,

செட்டை மாற்றாதீர்கள். உங்கள் நண்பர் சொன்னதுதான் சரி. அந்த செட் தன் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் அப்பா கேட்கும் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

ஓடும் காருக்குள் நாம் கேட்பது பாட்டை மட்டும் அல்ல. டயர் தார்ச்சாலையில் உராயும் இரைச்சல், கண்ணாடி ஓரத்தில் காற்று கிழிபடும் சத்தம், எஞ்சின் முனகல் எல்லாம் சேர்ந்து ஒரு தரை போல விரிந்து கிடக்கின்றன. அந்தத் தரைக்கு மேலே பாட்டு எவ்வளவு உயரம் நிற்கிறதோ அவ்வளவுதான் காதுக்குக் கிடைக்கும். வேகம் கூடினால் தரை உயரும். டயர் இரைச்சல் வேகம் இரட்டிப்பாகும்போது சுமார் 10 டெசிபல் ஏறுகிறது. 10 டெசிபல் என்றால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தம். அதே அளவு பாட்டையும் உயர்த்த வேண்டுமானால் ஆம்ப்ளிஃபயர் பத்து மடங்கு மின்சக்தியை ஸ்பீக்கருக்குத் தள்ள வேண்டும். காற்றின் சத்தம் இதைவிடச் செங்குத்தாக ஏறும். நெடுஞ்சாலை வேகத்தில் அது டயர் இரைச்சலையே முந்தப் பார்க்கும்.

இதற்குக் கார் கம்பெனிகள் கண்டுபிடித்த எளிய வழிதான் உங்கள் காரில் இருப்பது. ஹூண்டாய் கார்களில் இதை எஸ்.டி.வி.சி. என்பார்கள், டொயோட்டாவில் ஏ.எஸ்.எல். ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக் கார்களில் காலா. வேகத்தைப் பொறுத்த ஒலியளவுச் சரிசெய்தல் என்று பொருள்படும் நீண்ட ஜெர்மன் சொற்களின் முதல் எழுத்துகள் அவை. பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வேகம் இவ்வளவு என்றால் வால்யூமை இவ்வளவு கூட்டு.

வேகம் செட்டுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருக்கிறீர்கள். சக்கரம் இறுகிச் சறுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் உள்ள காரில் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு சென்சார் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் வளையத்தை அது கவனித்து, சுற்று ஒன்றுக்கு இத்தனை என்று துடிப்புகளை அனுப்பும். பிரேக்குக்காக வைத்த அந்தக் கணக்கைத்தான் ஸ்பீடாமீட்டரும் மியூசிக் செட்டும் பங்குபோட்டுக்கொள்கின்றன. பழைய கார்களில் இதற்கென்றே ஒரு தனி ஒயர் செட்டின் பின்பக்கம் வரும். வெளியில் வேறு செட் வாங்கிப் பொருத்துகிறவர்கள் பல நேரம் அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டுவிடுவார்கள். ஆண்ட்ராய்டு செட்டுகள் சிலவற்றில் ஜி.பி.எஸ். வேகத்தை வைத்தே இதைச் செய்கிறார்கள். ஆக, இந்த முறைக்கு மைக் தேவையில்லை. வேக எண் ஒன்று போதும். உங்கள் பேச்சு அதன் காதில் விழ வழியில்லை, அதற்குக் காதே கிடையாது.

காது இல்லாததுதான் அதன் குறையும். ஒருமுறை நல்ல மழையில் கொல்லிமலை ஏறினோம். 70 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாவது கியரில் எஞ்சின் அலறுகிறது, கூரையில் மழை கொட்டுகிறது, வைப்பர் ஓயாமல் அடிக்கிறது. வேகமோ 20ஐத் தாண்டவில்லை. பாட்டு ஓடுவதே தெரியவில்லை. டேஷ்போர்டில் பாட்டின் விநாடிகள் மட்டும் நகர்ந்துகொண்டிருந்தன. செட்டைப் பொறுத்தவரை 20 என்றால் அமைதி. மழையைப் பற்றி அதனிடம் யாரும் சொல்லவில்லை.

மைக் வைத்த முறை இந்த இடத்துக்காகத்தான் வந்தது. போஸ் நிறுவனத்தின் ஆடியோபைலட் அந்த வகை. இன்னும் சில கம்பெனிகளும் செய்கின்றன. காருக்குள் ஒரு மைக், அது இரைச்சலை அளக்கிறது, அதற்கேற்ப வால்யூம் ஏறுகிறது. இப்படிச் சொன்னால் சுலபம் போலத் தெரியும். யோசித்துப் பாருங்கள்: அதே மைக்கில் பாட்டும் சேர்ந்து விழுகிறதே! பாட்டையே இரைச்சல் என்று எண்ணி வால்யூமைக் கூட்டினால், பாட்டு இன்னும் சத்தமாக விழும், அது இன்னும் கூட்டும். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கருக்கு முன்னால் மைக்கைக் கொண்டுபோனால் ஊளையிடுமே, அது போன்ற ஒரு சுழல்.

அப்புறம் எப்படிப் பிரிக்கிறார்கள்? எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த இடம் இது. ஸ்பீக்கருக்குத் தான் என்ன அனுப்பினோம் என்பது செட்டுக்குத் தெரியும். ஆனால் அனுப்பியது அப்படியே மைக்குக்கு வராது. கண்ணாடியில் பட்டுத் திரும்பும், சீட்டில் கொஞ்சம் உறிஞ்சப்படும், பின்னால் இரண்டு பேர் ஏறி உட்கார்ந்தால் மறுபடி மாறும். அந்த மாற்றத்தை செட் ஓடிக்கொண்டே கற்றுக்கொள்கிறது. நான் அனுப்பியது இது, மைக்கில் இப்படி வந்து சேர வேண்டும் என்று ஊகிக்கிறது. ஊகத்தை வந்த ஒலியிலிருந்து கழிக்கிறது. ஊகம் எங்கே தவறியதோ அதை வைத்து அடுத்த ஊகத்தை நொடிக்குப் பல ஆயிரம் முறை திருத்துகிறது. கழித்த பின் மிஞ்சுவதுதான் இரைச்சல். இந்தக் கணக்கின் அடிப்படையை 1960இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்ட் விட்ரோவும் அவர் மாணவர் டெட் ஹாஃபும் உருவாக்கினார்கள். அந்த ஹாஃப்தான் பின்னர் இன்டெலில் சேர்ந்து, 1971இல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோபிராசசர் (கணினியின் மூளையான சிப்) உருவாகக் காரணமானவர்களில் ஒருவரானார். நாம் ஸ்பீக்கர்போனில் பேசும்போது எதிராளிக்கு அவர் குரலே எதிரொலிக்காமல் தடுப்பதும் இதே குடும்பத்துக் கணக்குதான்.

இந்த வேலைக்கு நீங்கள் பேசும் சொற்கள் தேவையில்லை. எந்தச் சுருதிப் பகுதியில் எவ்வளவு இரைச்சல் என்ற அளவு போதும். நல்ல அமைப்பு மெதுவாக நகரவும் வேண்டும். லாரி ஹாரன் அடித்தவுடன் பாட்டும் துள்ளி ஏறினால் ஓட்டுகிறவர் பதறிவிடுவார்.

இனி வீணைக்கு வருவோம். அப்பா கேட்பது வீணை என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதத் தோன்றியது. சாலை இரைச்சலின் பெரும்பங்கு கீழ்ச்சுருதியில் இருக்கிறது. ஆகவே முதலில் மூழ்குவது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம். வலப்பக்கமான வலந்தலையின் சொற்கள் டக் டக் என்று கேட்கும், இடக்கை எழுப்பும் கும்கி என்ற குழைவான ஒலி காணாமல் போகும். கீழ்ச்சுருதி இரைச்சல் பலமானால் தனக்கு மேலே உள்ள சுருதிகளையும் மறைக்கத் தொடங்கும். வீணையில் கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பது, பெரும்பாலும் மீட்டுக்குப் பிறகு பிறக்கிறது. தந்தியை ஒருமுறை மீட்டிவிட்டு, நாதம் தேய்ந்துகொண்டே போகும்போது இடக்கை அதை இழுத்து வளைக்கிறது. அந்தத் தேயும் வால் பகுதிதான் இரைச்சலில் முதலில் முங்குகிறது. மிஞ்சுவது மீட்டின் நறுக்கு மட்டும். ராகம் பாதிக்கு மேல் போய்விடும்.

மொத்த வால்யூமையும் தூக்கினால் வால் மேலே வரும். கூடவே மீட்டு காதில் குத்தும். அதனால்தான் நல்ல அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே அளவில் உயர்த்துவதில்லை. மெல்லிய பகுதிகளை அதிகமாகவும் ஏற்கெனவே உரத்த பகுதிகளைக் குறைவாகவும் உயர்த்துகின்றன. கீழ்ச்சுருதிக்குத் தனியாகக் கொஞ்சம் ஊட்டம் கொடுக்கின்றன. உங்கள் காரில் இருப்பது இந்த அளவுக்குப் போகாத எளிய வகை என்றே உங்கள் விவரிப்பிலிருந்து தோன்றுகிறது.

சரி, அப்பாவின் கேள்வி. நீங்கள் வால்யூமை எப்போது வைக்கிறீர்கள்? அனேகமாகத் திண்டிவனம் தாண்டி வண்டி வேகம் பிடித்த பிறகு. அப்போது திரையில் தெரியும் எண்ணோடு, வேகத்துக்காக செட் சேர்த்த கூடுதலும் சேர்ந்துதான் உங்கள் காதுக்கு வருகிறது. டோல்கேட்டில் அந்தக் கூடுதலை அது திரும்ப எடுத்துக்கொள்கிறது. உங்களுக்கு இரைச்சலும் குறைந்துவிட்டதால் கணக்கு நேராகிவிடும், பெரிதாக எதுவும் தெரியாது. அப்பாவுக்கு அப்படி இல்லை. அவருக்குப் பாட்டைத் தடுப்பது சாலை இரைச்சல் மட்டும் அல்ல, காதின் மந்தமும்தான். கார் நின்றால் இரைச்சல் போகும், மந்தம் போகாது. அதனால் செட் சத்தத்தை எடுத்துக்கொண்டவுடன் அவருக்கு நிஜமாகவே பாட்டு இல்லாமல் போகிறது.

அதற்காக இன்னும் உரக்க வைக்காதீர்கள். வயதால் மந்தமான காதுக்கு மெல்லிய ஒலி கேட்காது, ஆனால் உரத்த ஒலி மற்றவர்களைப் போலவே, சில சமயம் சீக்கிரமாகவே, தாங்க முடியாததாகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடம் குறுகலானது. இரைச்சல் என்ற அந்தத் தரையை இறக்குவதே அவருக்கு நல்லது. கண்ணாடிகளை முழுக்க ஏற்றுங்கள், டயர் தேய்மானம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். மேடு பள்ளமாகத் தேய்ந்த டயர் போடும் உறுமலைப் பலர் எஞ்சின் சத்தம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 80, 90 கிலோமீட்டரில் போங்கள்.

அடுத்த முறை கிளம்பும் முன், வீட்டு வாசலில் வண்டி நிற்கும்போதே வீணையைப் போடுங்கள். மீட்டுக்குப் பின் நாதம் தேய்வது கடைசி வரை கேட்கிறதா என்று அப்பாவைக் கேட்டு, அவர் சொல்லும் அளவில் வையுங்கள். செட்டிங்ஸில் இந்த வசதியை மிகக் குறைந்த படியில் வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வண்டியை எடுங்கள். பரனூரில் அப்பா என்ன சொன்னார் என்று எழுதுங்கள்.