வாசகர் கேள்விகள்: நடைப்பயிற்சியா, எடைப் பயிற்சியா?

கேள்வி: எனக்கு வயது 54. ஆறு ஆண்டுகளாக நாள் தவறாமல் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கிறேன். உடல் எடையும் கூடவில்லை. ஆனாலும் சென்ற மாதப் பரிசோதனையில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 6.8 என்று வந்திருக்கிறது. தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு எழும்போது இப்போதெல்லாம் கையை ஊன்றித்தான் எழ வேண்டியிருக்கிறது. நடப்பது வீண், ஜிம்முக்கு வாருங்கள் என்கிறான் மகன். இந்த வயதில் எடை தூக்கினால் மூட்டு தேய்ந்துவிடும் என்கிறார்கள் உடன் நடக்கும் நண்பர்கள். நான் எதைத் தேர்ந்தெடுப்பது?
- வாசகர், திருச்சி

பதில்: ஆறு ஆண்டுகள் நடந்தது வீண் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். லண்டன் நகரின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் வேலை செய்தவர்களைப் பற்றி ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நாள் முழுவதும் உட்கார்ந்தே வண்டி ஓட்டிய ஓட்டுநர்களைவிட, டிக்கெட் கொடுப்பதற்காக மாடிப்படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது என்பதை அது காட்டியது. தொடர்ந்து நடப்பவரின் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் இரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. ஓய்வுநேர நாடித் துடிப்பும் இரத்த அழுத்தமும் குறைகின்றன. இந்தப் பலன் உங்களுக்குக் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால், நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு குறைகளும் உண்மையில் ஒரே குறையாக இருக்கக்கூடும் என்பதே என் கணிப்பு. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையின் பெரும்பங்கை வாங்கிச் சேமித்து வைப்பவை நம் தசைகள்தாம். முப்பது வயதைக் கடந்தபின் அந்தத் தசை ஆண்டுதோறும் சிறிது சிறிதாகக் குறைகிறது. அறுபதுக்குமேல் அந்த வேகம் கூடுகிறது. குறைந்த தசையின் இடத்தை வயிற்றைச் சுற்றிய கொழுப்பு நிரப்பிவிட்டால் எடை பார்க்கும் எந்திரம் அதே எண்ணைத்தான் காட்டும், நாமும் உடம்பு அப்படியே இருக்கிறது என்று எண்ணிக்கொள்வோம். ஒரே எடையுள்ள ஐரோப்பியரைவிட இந்தியர் உடலில் கொழுப்பின் பங்கு கூடுதலாகவும் தசையின் பங்கு குறைவாகவும் இருப்பது நெடுநாளாக அறியப்பட்ட உண்மை என்பதால், ஒல்லியாக இருப்பவர்களும் இதில் அலட்சியமாக இருக்க முடியாது. நடை இந்த இழப்பை ஓரளவுக்குமேல் தடுப்பதில்லை. பழகிய சுமையைவிடச் சற்றே கூடுதலான சுமை கிடைத்தால்தான் தசை வளரும். அதே பாதையில் அதே வேகத்தில் ஆறு ஆண்டுகள் நடந்த கால்களுக்கு அந்த நடை இப்போது ஒரு சுமையே அல்ல.

நண்பர்களின் அச்சத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் போஸ்டன் நகரில் முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் காலில் எடை வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். 1990-இல் வெளியான அந்த ஆய்வில், பயிற்சியை முடித்தவர்களின் முன்தொடை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. தொண்ணூறு வயதில் இயன்றது ஐம்பத்து நான்கில் இயலாமற்போகாது. மூட்டைத் தாங்கி நிற்பது தொடைத் தசை என்பதால், முறையாகச் செய்தால் முழங்காலுக்கு அது பாதுகாப்புதான்.

உலக சுகாதார அமைப்பு 2020-இல் தந்த பரிந்துரையும் இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அத்துடன் குறைந்தது இரண்டு நாள் பெரிய தசைகளுக்கெல்லாம் வலுப் பயிற்சி. நீங்கள் வாரத்துக்கு 315 நிமிடம் நடக்கிறீர்கள். ஆகவே கூடுதல் நேரம் தேட வேண்டியதில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று நாள் மட்டும் நடையை 25 நிமிடமாகக் குறைத்து, மிச்சமாகும் 20 நிமிடத்தை எடைப் பயிற்சிக்குக் கொடுங்கள். மீதி நாட்களில், பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது என்ற அளவுக்கு நடையின் வேகத்தைக் கூட்டுங்கள்.

ஜிம் உடனடியாகத் தேவையில்லை. கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, மூன்று எண்ணும் நேரத்தில் மெதுவாக இறங்கி, இருக்கை உடம்பில் பட்டதும் எழுந்துவிடுங்கள். நம் பாட்டனார்கள் எடுத்த பஸ்கியின் எளிய வடிவம்தான் இது. எட்டு முறை, பிறகு இரண்டு நிமிட ஓய்வு, இப்படி மூன்று சுற்று. கடைசி இரண்டு முறை எழுவது சிரமமாக இருந்தால் அளவு சரி. பன்னிரண்டு முறை எளிதாக வந்துவிட்டால் இரண்டு கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு செய்யுங்கள். கைகளுக்கும் தோளுக்கும் சுவரில் ஊன்றித் தண்டால் எடுங்கள். முதுகுக்கு ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி இழுங்கள். எழும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விட வேண்டும். அடக்கிக்கொண்டால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும்.

தொடங்குமுன் ஒன்றைச் செய்துவிடுங்கள். உங்கள் மூன்று மாதச் சராசரி, சர்க்கரை நோய்க்கான 6.5 என்ற எல்லையைத் தாண்டியிருப்பதால் மருத்துவரைப் பாருங்கள். பயிற்சி மருந்துக்கு மாற்று என்று நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். கண்ணின் விழித்திரையையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் சர்க்கரையால் அங்கே பாதிப்பு இருந்தால் கனமான எடையைத் தூக்கக் கூடாது.

கேள்வி: வயது 38. ஜிம்மில் டிரெட்மில்லில் மட்டுமே ஓடுகிறேன். எடை தூக்கினால் பெண்களின் உடலும் ஆண்களைப் போல முறுக்கேறிவிடும் என்பது உண்மையா?
- வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உண்மையன்று. அப்படிப்பட்ட உடலமைப்புக்குத் துணைநிற்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் ஆண்களோடு ஒப்பிட்டால் பெண்களிடம் மிகக் குறைவு. மாறாக, மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும். அதற்குமுன் உங்கள் கையில் இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன. எலும்பும் தசையைப் போலவே, சுமை கிடைத்தால்தான் தன்னை உறுதிப்படுத்திக்கொள்ளும். டிரெட்மில்லை விட வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், அதில் ஏறுவதற்கு முன்பு, களைப்பில்லாத உடம்போடு பயிற்சியாளரின் மேற்பார்வையில் எடையைத் தூக்குங்கள். அன்றாடச் சாப்பாட்டில் பருப்பு, சுண்டல், முட்டை, தயிர் போன்றவற்றின் அளவையும் கூட்டுங்கள். சோறும் ரசமும் மட்டும் தசைக்குப் போதாது.