கேள்வி உங்களுடையது: வேட்பாளரை முடிவு செய்வது யார்?

கேள்வி: என் அக்கா மகன் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி நியூயார்க்கில் இருக்கிறான். பிரைமரியில் தனக்குப் பிடித்த இடதுசாரி வேட்பாளருக்கு ஓட்டுப் போடப் போனவனை, எந்தக் கட்சியிலும் பதிவு இல்லை என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்களாம். லிஸ்டில் பெயர் இருந்தும் இப்படி நடக்குமா?
— வாசகர், கொழிஞ்சாம்பாறை

நடக்கும், சட்டப்படியே நடக்கும். பிரைமரி என்பது பொதுத்தேர்தலுக்கு முன்னால், கட்சியின் வேட்பாளர் யார் என்று முடிவு செய்ய நடக்கும் ஓட்டுப்பதிவு. நியூயார்க்கில் இருப்பது மூடிய பிரைமரி, அந்தக் கட்சியில் பதிந்தவர்களுக்கு மட்டும். வாக்காளராகப் பதியும் படிவத்திலேயே எந்தக் கட்சி என்று ஒரு கட்டம் உண்டு. டெமாக்ரடிக் என்று டிக் செய்தவருக்குத்தான் அந்தக் கட்சியின் பிரைமரியில் ஓட்டு. எந்தக் கட்சியும் வேண்டாம் என்று டிக் செய்தவர் நவம்பர் பொதுத்தேர்தல் வரை காத்திருக்க வேண்டியதுதான். பூத்தில் சண்டை போட்டால் உறுதிமொழி ஓட்டு ஒன்றைக் கொடுப்பார்கள். பிறகு பதிவேட்டைப் பார்த்து அதைத் தள்ளிவிடுவார்கள்.

கோபம் வருவது கெடுவைப் பார்த்துத்தான். 2016-இல் அங்கே ஜனாதிபதி பிரைமரி ஏப்ரல் 19 அன்று நடந்தது. ஏற்கெனவே பதிந்தவர் கட்சியை மாற்ற வேண்டுமானால் 2015 அக்டோபர் 9-க்குள் மாற்றியிருக்க வேண்டும். டெமாக்ரடிக் பிரைமரியில் நின்ற இடதுசாரி பெர்னி சாண்டர்ஸ் யார் என்று பலருக்குத் தெரியவருவதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டார்கள். டொனால்ட் டிரம்பின் மகள் இவாங்காவும் மகன் எரிக்கும்கூட இதே கெடுவைத் தவறவிட்டு, சொந்த அப்பாவுக்கு ஓட்டுப் போட முடியாமல் போனது. 2019-இல் சட்டத்தைத் திருத்தி, கட்சி மாற்றக் கெடுவைப் பிப்ரவரி 14 ஆக்கினார்கள். மற்ற பதவிகளுக்கு நடக்கும் ஜூன் பிரைமரிக்கு இதுவும் நான்கு மாதம் முந்தித்தான்.

அக்கா மகனிடம் இப்படிச் சொல்லுங்கள்: ஜனவரியிலேயே மாநிலத் தேர்தல் வாரியத்தின் தளத்தில் தன் பெயரைத் தேடி, கட்சி என்ற இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்கட்டும். காலியாக இருந்தால் புதுப் படிவம் நிரப்பி அனுப்பிவிட்டு, மாற்றம் ஏறிவிட்டதா என்று மறுபடியும் பார்க்கட்டும். அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடுபவர்கள்தான் பூத்தில் மாட்டிக்கொள்கிறார்கள்.

வேறு மாநிலத்துக்குக் குடிபோனால் விதியும் மாறும். மிச்சிகன், விஸ்கான்சின் போன்ற இடங்களில் கட்சிப் பதிவே கிடையாது. அன்றைக்கு எந்தக் கட்சியின் ஓட்டுச்சீட்டு வேண்டுமோ அதில் ஓட்டுப் போடலாம். கலிபோர்னியாவில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே 'அமெரிக்கன் இண்டிபெண்டென்ட்' என்ற பெயரில் ஒரு வலதுசாரிக் கட்சி உண்டு. சுயேச்சை என்று நினைத்து அதில் டிக் செய்து, தெரியாமலே கட்சிக்காரர் ஆனவர்கள் ஏராளம். கட்சி வேண்டாம் என்று சரியாகவே டிக் செய்தவருக்கும் தபாலில் வரும் சீட்டில் ஜனாதிபதி பிரைமரி இருக்காது. டெமாக்ரடிக் சீட்டு வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: 2016-இல் சாண்டர்ஸைக் கட்சி மேலிடம் ஏமாற்றிவிட்டது என்கிறார்களே, உண்மையா?
— கல்லூரி மாணவர், வேலந்தாவளம்

பாதி உண்மை. டெமாக்ரடிக் கட்சியின் தேசியக் குழு ஊழியர்கள் சாண்டர்ஸின் போட்டியாளர் ஹிலாரி கிளின்டன் பக்கம் சாய்ந்திருந்தது கசிந்த மின்னஞ்சல்களில் தெரிந்தது. 2016 ஜூலையில் குழுத் தலைவர் டெபி வாசர்மன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார். ஆனால் ஜனாதிபதி வேட்பாளரைக் கட்சி மாநாட்டில் ஓட்டுப் போட்டு எடுப்பவர்கள் டெலிகேட்டுகள். பிரைமரி வழியாக வந்த டெலிகேட் கணக்கு கிளின்டனுக்கு 2,205, சாண்டர்ஸுக்கு 1,846. கட்சிப் பெருந்தலைகளான சுமார் 700 சூப்பர் டெலிகேட்டுகளை அடியோடு நீக்கிவிட்டாலும் கிளின்டன்தான் முன்னிலை. அந்தப் பெருந்தலைகளின் ஆதரவை முதல் நாளிலிருந்தே மொத்தக் கணக்கில் சேர்த்துக் காட்டியதுதான் கெடுதல் செய்தது. போட்டி முடிந்துவிட்டது என்று தோன்றினால் எவன் வரிசையில் நிற்பான்? 2018-இல் விதியை மாற்றினார்கள். போட்டி முடிவாகாமல் இருக்கும்போது மாநாட்டின் முதல் சுற்றில் இவர்களுக்கு இப்போது ஓட்டு இல்லை.

பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு, அது பங்கு போடும் கணக்கு. டெமாக்ரடிக் கட்சியில் ஒருவர் 15 சதவீதம் எடுக்காவிட்டால் டெலிகேட் பூஜ்யம். மாவட்டம் ஒன்றுக்கு 6 டெலிகேட், மூன்று பேர் 48, 38, 14 சதவீதம் எடுக்கிறார்கள் என்று வையுங்கள். மூன்றாமவர் அவுட். மீதி 86-இல் முதல்வரின் பங்கு 3.35, இரண்டாமவர் பங்கு 2.65. முழு எண்ணைக் கொடுத்தது போக மிச்சம் இருக்கும் ஒன்று, பெரிய பின்னம் வைத்திருப்பவருக்குப் போகும். ஆக 3-க்கு 3! பத்து சதவீதம் முந்தியும் லாபம் இல்லை. அதே மாவட்டத்துக்கு 5 டெலிகேட் என்றால் 3-க்கு 2. அதனால்தான் அனுபவமுள்ள தேர்தல் ஏஜெண்டுகள் ஒற்றைப்படை மாவட்டங்களில் ஆளையும் பணத்தையும் குவிக்கிறார்கள்.

2020-இல் சாண்டர்ஸை நேரமும் சேர்ந்து அடித்தது. பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் பைடன் ஜெயித்தார். மார்ச் 3 அன்று பல மாநிலங்களில் ஒரே நாளில் ஓட்டு. இடையில் மற்ற போட்டியாளர்களான புட்டிஜெஜும் குளோபுச்சரும் விலகி பைடன் பின்னால் நின்றார்கள். சாண்டர்ஸும் எலிசபெத் வாரனும் அன்றைக்கும் களத்தில் இருந்து முற்போக்கு ஓட்டைப் பிரித்துக்கொண்டார்கள். இதைச் சதி என்று சொல்ல மாட்டேன். மறு அணி நேரத்துக்குச் சேர்ந்தது, இந்த அணி சேரவில்லை.

குறைந்த ஓட்டுப்பதிவு சிறு குழுவுக்குக் கை கொடுக்கவும் செய்யும். 2018 ஜூனில் நியூயார்க்கின் டெமாக்ரடிக் பிரைமரியில் இடதுசாரி அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் பத்து முறை எம்.பி.யாக இருந்த ஜோ கிரவுலியை வீழ்த்தினார். சுமார் 7 லட்சம் பேர் வாழும் தொகுதியில் அந்த பிரைமரியில் விழுந்தது 30,000 ஓட்டுக்கும் குறைவு.

கேள்வி: இங்கேயும் இரண்டே முன்னணிதான். ஆனால் யார் நிற்கிறார் என்பதை பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறோம். நமக்கு பிரைமரி கிடையாதா?
— வாசகி, மூணாறு

கிடையாது, கேட்டுப் பெறச் சட்டமும் இல்லை. கட்சிகளைப் பதிவு செய்யும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29ஏ பிரிவில் வேட்பாளரை உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு எடுக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. கட்சிச் சின்னம் கிடைப்பது இரண்டு காகிதத்தில்: யார் கையெழுத்துப் போடலாம் என்று சொல்லும் படிவம் ஏ, வேட்பாளர் பெயரைச் சொல்லும் படிவம் பி. மனுத்தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள், மையால் இட்ட கையெழுத்தோடு தேர்தல் அதிகாரி கையில் சேர வேண்டும். பி படிவம் வராவிட்டால் ஊரே ஆதரித்தாலும் சின்னம் இல்லை.

முன்னணி அரசியலில் இன்னொரு சிக்கல், சீட் முதலில் கட்சிக்குப் போகிறது, பிறகுதான் ஆளுக்கு. பாலக்காட்டுச் சித்தூரில் 2016, 2021 இரண்டு முறையும் இடது முன்னணி சீட் ஜனதா தளத்துக்கு. அங்கே அரிவாள் சுத்தியலுக்குக் குத்த நினைத்தவருக்கு மெஷினில் அந்தச் சின்னமே இல்லை.

அதனால் இங்கே பிரைமரி தெருவில் நடக்கிறது. 2021-இல் குற்றியாடி சீட்டை இடது முன்னணியின் கூட்டணிக் கட்சியான கேரளா காங்கிரஸ் மாணி பிரிவுக்குக் கொடுத்தபோது, மார்க்சிஸ்ட் தோழர்களே கொடி பிடித்து ஊர்வலம் போனார்கள். சீட் திரும்பி வந்தது, கட்சி ஜெயித்தது. அதே தேர்தலில் ஏற்றுமானூர் சீட் மறுக்கப்பட்ட காங்கிரஸ் மகளிர் தலைவி லதிகா சுபாஷ் கட்சி அலுவலகத்தின் முன்னால் தலையை மொட்டையடித்துக்கொண்டார், சுயேச்சையாக நின்றார், தோற்றார். முன்னது பி படிவம் கையெழுத்தாவதற்கு முன்னால், கூட்டமாக நடந்தது. பின்னது பட்டியல் வந்த பிறகு, தனியாக.

காங்கிரஸ் 2014 மக்களவைத் தேர்தலில் சில தொகுதிகளில் பிரைமரியை வெள்ளோட்டம் விட்டது. வதோதராவில் முறையாக ஜெயித்த நரேந்திர ராவத், மோடி அங்கே நிற்கிறார் என்றதும் ஒதுங்கிக்கொள்ள, மதுசூதன் மிஸ்திரி வேட்பாளர் ஆனார். தலைமையைக் கட்டுப்படுத்தாத பிரைமரியின் ஆயுள் அவ்வளவுதான்.

சுயேச்சையாக நிற்பதானால் பத்து முன்மொழிபவர் வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒருவர் போதும். பத்துப் பேரும் அதே தொகுதி வாக்காளர்களாக இருக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தலில் டெபாசிட் 10,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. ஆறில் ஒரு பங்கு ஓட்டு எடுக்காவிட்டால் போச்சு. உங்கள் ஊர் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர் அமைப்பான பெம்பிளை ஒருமை 2015 போராட்டத்துக்குப் பிறகு உள்ளாட்சியில் சில இடங்களைப் பிடித்தது, 2016 சட்டமன்றத்தில் எடுபடவில்லை. சின்ன வார்டில் ஆள் பலம் போதும், பெரிய தொகுதியில் போதாது.

கேள்வி: எங்கள் பக்கம் போனில் ரெக்கார்டு குரல் கூப்பிட்டு, இன்னாரை நிறுத்தலாமா, ஒன்றை அழுத்து என்கிறது. இதுதானே பிரைமரி? பிடிக்காவிட்டால் நோட்டா போதாதா?
— வாசகர், நகரி

2024-க்கு முன்னால் தெலுங்கு தேசம் கட்சி இந்தப் போன் சர்வேயை நிறையவே நடத்தியது. யாரைக் கூப்பிட்டார்கள், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்பதெல்லாம் கட்சிக்குள்ளேயே இருக்கும், முடிவு தலைவரைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. கருத்துக் கேட்பு என்று வேண்டுமானால் சொல்லலாம். நோட்டா 2013-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்தது. சட்டமன்ற, மக்களவைத் தேர்தலில் அதற்கு அதிக ஓட்டு விழுந்தாலும், அடுத்ததாக அதிகம் எடுத்த வேட்பாளர் ஜெயித்தவர்தான்.

கேள்வி: பாறசாலையிலும் களியக்காவிளையிலும் எனக்கு ஓட்டு இருக்கிறது. எங்கே நல்ல ஆள் நிற்கிறாரோ அங்கே போடலாமா?
— வாசகர், களியக்காவிளை

கூடாது. இரண்டு தொகுதி லிஸ்டில் பெயர் இருப்பதே சட்டவிரோதம். தெரிந்தே பொய் உறுதிமொழி கொடுத்துப் பதிந்திருந்தால் ஓராண்டு வரை சிறை. குடியிருக்கும் ஊர்ப் பெயரை வைத்துக்கொண்டு, மற்றதை நீக்க அந்தப் பூத் அலுவலரிடம் படிவம் 7 கொடுங்கள். இனி வீடு மாறினால் புதிதாகப் படிவம் 6 போடாதீர்கள். பழைய அட்டை எண்ணோடு படிவம் 8 போட்டால் பெயர் இங்கிருந்து அங்கே மாறும்.