டிரையத்லான் கேள்வி பதில்: தொடக்கத்தில் அடக்கி வாசியுங்கள்

ஸ்பிரிண்ட் டிரையத்லானில் கலந்துகொண்ட அனுபவத்தைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் மூன்றையும் இடைவெளி இல்லாமல் முடிக்கிற போட்டி. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நீச்சலைப் பற்றியவை, அதனால் அதற்கே இந்த முறை அதிக இடம்.

கே: நீச்சல்குளத்தில் ஒரு கிலோமீட்டர் நிற்காமல் நீந்துவேன். ஆனால் ஏரியில் நடந்த போட்டியில் நூறு மீட்டருக்குள் மூச்சுத் திணறி, பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு கரைக்குத் திரும்பிவிட்டேன். எனக்கு இது ஒத்துவராதா?

ப: கண்டிப்பாக ஒத்துவரும். உங்கள் நீச்சலில் குறை இருந்து இப்படி ஆகவில்லை, நல்ல நீச்சல்காரர்களுக்கே இது நடக்கிறது. குளத்தில் ஒவ்வொரு 25 மீட்டருக்கும் ஒரு சுவர் வருகிறது, அதை உதைத்துத் தள்ளும்போது கைக்கு ஒரு சின்ன ஓய்வு கிடைக்கிறது, கீழே கோடு தெரிகிறது, பயந்தால் நின்றுவிடலாம். ஏரியில் இது எதுவும் கிடையாது. அதோடு முகத்திலும் நெஞ்சிலும் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உடம்பு தானாகவே வேகவேகமாக மூச்சை இழுக்கும், அதை யாராலும் உடனே தடுக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் கை உங்கள் தோளில் விழும், முன்னால் இருப்பவர் கால் முகத்துக்கு நேராக அடிக்கும், போட்டிப் பதற்றத்தில் நீங்களும் குளத்தில் ஒருநாளும் போகாத வேகத்தில் கிளம்பியிருப்பீர்கள். பதறும்போது மூச்சை உள்ளே இழுக்கிறோமே தவிர முழுதாக வெளியே விடுவதில்லை. காற்றுப் போதாத மாதிரி இருப்பதற்கு அதுவே பெரிய காரணம்.

அடுத்த முறை, அனுமதி இருந்தால் போட்டிக்குக் கால் மணி நேரம் முன்பே தண்ணீரில் இறங்கி, முகத்தை உள்ளே வைத்து, குமிழி விட்டுவிட்டு எழுந்திருங்கள். நாலைந்து தடவை செய்தால் அந்த முதல் அதிர்ச்சி கரையிலேயே முடிந்துவிடும். கிளம்பும்போது கூட்டத்தின் நடுவில் நிற்காதீர்கள். நான் எப்போதும் ஓரமாகத்தான் நிற்பேன், முன்வரிசை கிளம்பிப் போகட்டும் என்று பத்து விநாடி விட்டுவிட்டுத்தான் நீந்த ஆரம்பிப்பேன். அந்தப் பத்து விநாடி மொத்த நேரத்தில் தெரியவே தெரியாது. முதல் 200 மீட்டருக்கு, இவ்வளவு மெதுவாகவா என்று உங்களுக்கே தோன்றுகிற வேகம் போதும், தண்ணீருக்குள் மூச்சை நீளமாக விடுவதில் மட்டும் கவனம் இருக்கட்டும்.

இன்னொன்று, பலருக்கும் தெரியாத விஷயம். நீங்கள் படகைப் பிடித்ததும் போட்டி முடிந்துபோனது என்று நினைத்திருப்பீர்கள், ஆனால் பொதுவான விதிப்படி அப்படி இல்லை. நீந்த வேண்டிய வழியைக் காட்டுகிற மிதவையையோ நிற்கிற படகையோ பிடித்து ஓய்வெடுக்கலாம், அதை வைத்து முன்னேறக் கூடாது, அவ்வளவுதான். மூச்சு சீரானதும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். ஃப்ரீஸ்டைல்தான் வேண்டும் என்றும் கிடையாது, பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் போகலாம், மல்லாந்து மிதக்கலாம்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல், வழக்கமில்லாத படபடப்பு என்றால் அது பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் உடனே கையைத் தூக்குங்கள். டிரையத்லானில் நேரும் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதுதான் நடக்கின்றன, அவற்றில் பலவற்றுக்கு இதயக் கோளாறு காரணமாக இருந்திருக்கிறது. நாற்பதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் இதய நோய் உள்ளவர்களும் பெயர் கொடுப்பதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். திறந்த நீர்நிலையில் தனியாகப் பயிற்சி வேண்டாம், எவ்வளவு நன்றாக நீந்தினாலும் சரி.

கே: நேராகத்தான் நீந்துகிறேன் என்று நினைக்கிறேன், தலையைத் தூக்கிப் பார்த்தால் மிதவை எங்கோ இருக்கிறது. என்ன செய்யலாம்?

ப: ஆறு முதல் பத்து கைவீச்சுக்கு ஒருமுறை கண்களை மட்டும் தண்ணீருக்கு மேலே கொண்டுவந்து பாருங்கள். முழுத் தலையையும் தூக்கினால் இடுப்பு கீழே இறங்கி வேகம் போய்விடும். அலையில் மிதவை மறைந்துபோகும், அதனால் அதற்குப் பின்னால் கரையில் உயரமாக இருக்கிற கட்டடம், மரம் ஏதாவது ஒன்றை முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். குளத்திலேயே இதைப் பழகலாம்.

கே: சைக்கிளில் நன்றாகப் போய்விடுகிறேன். இறங்கி ஓட ஆரம்பித்தால் கால் என் கால் மாதிரியே இல்லை. வயதாகிவிட்டதா?

ப: வயதுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இருபது வயதுக்காரரும் இதையேதான் சொல்வார். சைக்கிளில் உடம்பின் எடையை சீட் தாங்குகிறது, கால் ஒரே வட்டத்தில் சுற்றுகிறது, இடுப்பு மடங்கியே இருக்கிறது. திடீரென்று எழுந்து ஓடச் சொன்னால் தசைகள் வேறு வரிசையில், வேறு விதமாக வேலை செய்ய வேண்டும், அதற்குச் சில நிமிடம் பிடிக்கும்.

இதில் ஒரு கண்கட்டு வேலையும் இருக்கிறது. மணிக்கு 25, 30 கிலோமீட்டரில் வந்த கண்ணுக்கு ஓடுகிற வேகம் ஊர்வது போலத் தெரியும், ஐயோ மெதுவாகப் போகிறோமே என்று முடுக்குவோம், உண்மையில் ஏற்கெனவே அளவுக்கு மீறித்தான் ஓடிக்கொண்டிருப்போம். அதற்கான விலையை மூன்றாவது கிலோமீட்டரில் கொடுக்க வேண்டியிருக்கும். ஆகவே சைக்கிளின் கடைசி இரண்டு கிலோமீட்டரில் கியரைக் குறைத்து லேசாக, வேகமாக மிதியுங்கள். இறங்கியதும் சின்ன அடிகளாக வைத்து ஓடுங்கள், உணர்வை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாள் சைக்கிள் பயிற்சி முடிந்த கையோடு பத்து நிமிடம் ஓடினால் போதும், ஒரு மாதத்தில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். பிரிக் பயிற்சி என்று சொல்வது இதைத்தான். மூன்று பகுதிகளிலும் ஆரம்பத்தில் அடக்கி வாசிப்பவர்தான் கடைசியில் ஆட்களைத் தாண்டிப் போகிறார், ஒவ்வொரு போட்டியிலும் இதைப் பார்க்கிறேன்.

கே: விலை உயர்ந்த சைக்கிள் வேண்டுமா?

ப: வேண்டாம். பிரேக் பிடிக்க வேண்டும், டயரில் காற்று சரியாக இருக்க வேண்டும், ஹேண்டில்பார் முனைகள் மூடியிருக்க வேண்டும், ஹெல்மெட் தலைக்குப் பொருந்த வேண்டும். பஞ்சர் ஆனால் டியூப் மாற்றத் தெரிந்திருந்தால் இன்னும் நல்லது.

கே: எதையெல்லாம் செய்தால் தண்டனை கிடைக்கும்? விதிப் புத்தகத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது.

ப: முதல் போட்டிக்கு நாலைந்து விதி தெரிந்தால் சமாளித்துவிடலாம். முக்கியமானது ஹெல்மெட். சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுப்பதற்கு முன்பே பட்டையை மாட்டியிருக்க வேண்டும், திரும்ப வந்து சைக்கிளை வைத்த பிறகுதான் கழற்ற வேண்டும். டிரான்சிஷன் பகுதிக்குள், அதாவது நீச்சலிலிருந்து சைக்கிளுக்கும் சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கும் மாறுகிற இடத்தில், சைக்கிளை ஓட்டக் கூடாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும், தரையில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டித்தான் ஏறலாம், வரும்போது கோட்டுக்கு முன்பே இறங்கிவிட வேண்டும். இயர்போன் கூடாது.

அப்புறம் டிராஃப்டிங், அதாவது முன்னால் போகிறவரை ஒட்டிக்கொண்டு காற்றின் தடையைக் குறைத்துக்கொள்வது. அமெச்சூர் போட்டிகளில் பெரும்பாலும் அதற்கு அனுமதி இல்லை. ஸ்பிரிண்ட் தூரத்தில் முன்னால் போகிறவரிடமிருந்து விட வேண்டிய வழக்கமான இடைவெளி 10 மீட்டர், அதற்குள் நுழைந்தால் 20 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். அனுமதிக்கிற போட்டிகளும் உண்டு, எனவே உங்கள் போட்டியின் குறிப்பைப் படித்துவிடுங்கள்.

காலையில் சீக்கிரம் போய், தண்ணீரிலிருந்து வெளியே வரும் வழியில் நின்று உங்கள் சைக்கிள் வரை ஒருமுறை நடந்து பாருங்கள். எத்தனையாவது வரிசை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவில், தண்ணீர் சொட்டச் சொட்ட, மூச்சு வாங்கிக்கொண்டு தேடும்போது எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும்.

கே: ஒலிம்பிக்ஸில் காட்டுவது இதே போட்டிதானா?

ப: தனிநபர் போட்டி இதைப்போல இரண்டு மடங்கு: 1500 மீட்டர், 40 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர். 2000-ல் சிட்னியில்தான் முதலில் சேர்த்தார்கள். ஆனால் டிரையத்லான் என்ற பெயரில் முதல் போட்டி நடந்தது 1974 செப்டம்பர் 25 அன்று, சான் டியேகோவின் மிஷன் பேயில். உள்ளூர் ஓட்டக் கிளப் ஒன்று நடத்தியது, கலந்துகொண்டவர்கள் 46 பேர். அதனால் "நம்ம ஊர் குட்டிப் போட்டிதானே" என்று யாராவது சொன்னால் மனம் தளராதீர்கள், இந்த விளையாட்டே அப்படித்தான் பிறந்தது.

கே: வயது 52. பெயர் கொடுக்க ஆசை, ஆனால் எல்லாரும் முடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகு நான் மட்டும் ஓடிக்கொண்டிருப்பேனோ என்று பயம்.

ப: பயத்துக்குப் பதில் கணக்குப் போடுங்கள். அந்தப் போட்டியின் போன வருட முடிவுகள் இணையத்தில் இருக்கும், மேலே பார்க்காமல் நேராகப் பட்டியலின் அடிப்பகுதிக்குப் போய், கடைசிப் பத்து பேர் ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நேரம் எடுத்தார்கள் என்று பாருங்கள். உங்கள் பயிற்சி நேரத்தோடு டிரான்சிஷனுக்கு ஒரு பத்து நிமிடம் சேர்த்து ஒப்பிடுங்கள். நீங்கள் நினைத்த அளவுக்குப் பின்தங்கியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வயதுப் பிரிவு பொதுவாக ஐந்தைந்து வருடமாகப் பிரித்திருப்பார்கள், உங்கள் பிரிவு 50 முதல் 54, முப்பது வயதுக்காரரோடு உங்களுக்குப் போட்டியே இல்லை.

நீச்சலுக்கும் மொத்தத்துக்கும் கட்-ஆஃப் நேரம், அதாவது முடிக்க வேண்டிய கெடு, எவ்வளவு என்று நடத்துபவர்களிடம் எழுதிக் கேட்டுவிடுங்கள். அது இடிக்கிறது என்றால் சூப்பர் ஸ்பிரிண்ட் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள், ஏறத்தாழ 400 மீட்டர் நீச்சல், 10 கிலோமீட்டர் சைக்கிள், 2.5 கிலோமீட்டர் ஓட்டம். இடிக்கவில்லை என்றால் ஸ்பிரிண்டுக்கே பெயர் கொடுங்கள், ஓரமாக வந்து நில்லுங்கள், பத்து விநாடி விட்டுக் கிளம்புங்கள்.