மோதிய இடத்தில் எதைப் படம் எடுப்பது? – கேள்வி பதில்

காப்புறுதிக்காக, மோதிய வாகனங்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. யாழ்ப்பாணத்தில் பலரும் கேட்டவற்றில் சில இங்கே.

அண்ணை, நாவற்குழிப் பக்கம் ஏ9 வீதியில் ஒரு வானும் என் காரும் மோதின. பத்துப் படம் எடுத்தேன், எல்லாம் நசுங்கிய கதவு. போதாது என்கிறார்கள். ஏன்?

கதவு நசுங்கியது எல்லோருக்கும் தெரியும் தம்பி. யார் யாருடைய பக்கத்துக்கு வந்தார் என்பதுதான் கேள்வி. அதைக் கதவு சொல்லாது, நிலம் சொல்லும்.

முதலில் இருபது அடி தள்ளி நின்று நாலு பக்கத்தாலும் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் அசையாத ஒன்று விழ வேண்டும்: மின்கம்பம், கடைப் பலகை, மதகு. பிறகு இரண்டு வாகனமும் நடுக்கோடும் ஒரே படத்தில். முன் சில்லு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் எடுங்கள். இதை யாரும் எடுப்பதில்லை. கதவு கடைசியில்.

குனிந்து தார் ரோட்டையும் பாருங்கள். மட்காட்டின் அடியில் காய்ந்து ஒட்டியிருக்கும் மண், மோதிய அதிர்ச்சியில் உதிர்ந்து கொட்டும். கண்ணாடித் துண்டுகள் தூரப் பறக்கும், மண் அவ்வளவு தூரம் போகாது; அது கிடக்கும் இடத்தை ஒட்டித்தான் மோதியிருக்கும். கோண்டாவில் பக்கத்து வாகனமென்றால் செம்மண் கறுத்தத் தாரில் பளிச்சென்று தெரியும். ஒருமுறை இரண்டு சாரதிகளும் “நான் என் பக்கத்தில்தான் வந்தேன்” என்று அடித்துச் சொன்னார்கள். நடுக்கோட்டுக்கு இரண்டு சாண் தள்ளி, ஒருவரின் பக்கத்துக்குள், ஒரு சிறங்கை செம்மண் கிடந்தது. அவ்வளவுதான், வாக்குவாதம் முடிந்தது.

சனம் கூடி வாகனத்தை ஓரம் தள்ளிவிடுகிறதே?

எங்கள் ஊர்ப் பழக்கம், என்ன செய்வது! ஆருக்கும் காயமென்றால் முதலில் 1990 இலக்கத்துக்கு அடித்து அம்புலன்ஸ், பிறகு பொலிஸ். பொலிஸ் வரும்வரை வாகனத்தை அசைக்காமல் இருப்பதே நல்லது. தள்ளித்தான் ஆகவேண்டுமென்றால், நாலு சில்லும் நிற்கும் இடத்தை வெண்கட்டியால் கீறிப் படம் எடுத்துவிட்டுத் தள்ளுங்கள். வெண்கட்டி இல்லாவிட்டால் ஓட்டுத்துண்டு.

பிரேக் தடம் கண்ணுக்குத் தெரிகிறது, படத்தில் தெரியவில்லை.

நின்றபடி மேலிருந்து எடுத்திருப்பீர்கள். தடம் தொடங்கும் இடத்தில் குந்தியிருந்து, அதன் நீளத்துக்கு நேரே பார்த்து எடுங்கள். நீளம் தெரிய அளவுநாடா. இல்லையென்றால் காலடியால் அளந்து சொல்லிக்கொண்டே வீடியோ எடுங்கள். சில்லு இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் உள்ள வாகனத்தின் தடம் மங்கலாகத்தான் இருக்கும். தடம் இல்லை என்பதால் பிரேக் பிடிக்கவில்லை என்றாகாது.

இரவில் இலக்கத்தகடு வெள்ளையாய்ப் போய்விட்டது.

அது ஒளியைத் திருப்பி அடிக்கும் தகடு. ஃபிளாஷை நிறுத்திவிட்டு, வேறொருவரை டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள்.

படங்களை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு அழித்துவிட்டேன் அண்ணை. பிரச்சினையா?

பிரச்சினைதான் தங்கச்சி. சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த நேர விபரமும் கழன்றுபோகும். இனிமேல் ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள், மூலப்படம் போனிலேயே இருக்கட்டும். அம்புக்குறி போடுவது, வெட்டுவது எல்லாம் பிரதியில் மட்டும். படம், ஒலிப் பதிவுகளை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்க வழிசெய்யும் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமும் பதிவில் கைவைத்திருக்கக் கூடாது என்றுதான் கேட்கிறது.

எதிரே உள்ள கடையில் சிசிடிவி இருக்கிறது. முதலாளி “பிறகு பார்ப்போம்” என்கிறார்.

அன்றைக்கே போய்க் கேளுங்கள். நினைவகம் நிறைந்ததும் பழையதன் மேலேயே புதியது பதியும். ஆள் இழுத்தடித்தால் பொலிஸ் முறைப்பாட்டில் கடையின் பெயரையும் நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். திரையைப் போனில் பிடிக்க விட்டாலும் சரி. ஆனால் திரையில் ஓடும் மணியையும் உங்கள் போன் மணியையும் ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக் கமராவின் மணிக்கூடு பத்து நிமிடம் பிந்தி ஓடுவதெல்லாம் சர்வசாதாரணம்.