பெயரை மாற்றினால் மட்டும் போதுமா?

கேள்வி: போன வருடம் எங்கள் பக்கத்து ஊரில் நடந்த ஒரு கொலையை வைத்து மர்ம நாவல் எழுத ஆரம்பித்தேன். நாளிதழில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன். 4 அத்தியாயம் முடிந்துவிட்டது. படித்துப் பார்த்தால் செய்தியையே நீட்டி எழுதியது போல இருக்கிறது. வழக்கு இன்னும் நடக்கிறது. பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டால் போதுமா?

பதில்: போதாது. ஊர்ப்பெயரை மாற்றிவிட்டு அதே மளிகைக் கடை, அதே மைத்துனர் தகராறு, அதே கிணறு என்று எழுதினால் அந்தத் தெருக்காரர்கள் இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். சட்டமும் பெயரை மட்டும் பார்ப்பதில்லை. யாரைச் சொல்கிறீர்கள் என்று படிப்பவருக்குப் புரிந்தால் அவதூறு வழக்குக்கு அது போதும். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவில் இதற்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு. இறந்தவரைப் பற்றி அவர் குடும்பத்தார் மனம் புண்படவேண்டும் என்றே எழுதினால், அதுவும் இதே பிரிவில் வரும்.

ஆனால் உங்கள் நாவலின் சிக்கல் சட்டத்தில் இல்லை. நீங்களே சொல்லிவிட்டீர்கள், செய்தியை நீட்டியது போல இருக்கிறது என்று. நம் நாளிதழ்களில் ஒரு கொலை எப்படி வரும்? ‘முன்விரோதம் காரணமாக’ என்று ஒரு வார்த்தை. ‘மர்ம நபர்களைப் போலீசார் வலைவீசித் தேடி வருகின்றனர்’ என்று ஒரு வரி. அந்த முன்விரோதம் என்ற சொல்லுக்குள் பத்து வருடத்துப் பேச்சுவார்த்தையும் பேசாமல் இருந்ததும் கிடக்கிறது. செய்தியாளருக்கு அதை எழுத இடம் கிடையாது. நாவலாசிரியருக்கு வேலையே அங்கேதான்.

செய்தியிலிருந்து எதை எடுக்கலாம் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல பாடம் 1860-இல் இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் நடந்த ரோட் ஹில் ஹவுஸ் கொலை. நான்கு வயதுகூட நிறையாத சவில் கென்ட் என்ற குழந்தையை வீட்டுக்குள் இருந்த யாரோ கொன்றிருந்தார்கள். லண்டனிலிருந்து வந்த துப்பறிவாளர் ஜோனதன் விச்சர் பிடித்துக்கொண்டது ஒரு சலவைக் கணக்கு நோட்டை. குழந்தையின் அக்கா கான்ஸ்டன்ஸுக்கு மூன்று இரவு உடைகள். நோட்டில் மூன்று எழுதியிருந்தது, இருந்தது இரண்டுதான். மூன்றாவது எங்கே போனது? விச்சரால் நிரூபிக்க முடியவில்லை, ஊரே அவரைத் திட்டியது. 5 வருடம் கழித்து, 1865-இல், கான்ஸ்டன்ஸ் தானாக முன்வந்து ஒப்புக்கொண்டார்.

வில்கி காலின்ஸ் 1868-இல் ‘த மூன்ஸ்டோன்’ நாவலை வெளியிட்டபோது அந்த வழக்கிலிருந்து எடுத்துக்கொண்டவற்றைப் பாருங்கள். கறைபட்ட ஓர் இரவு உடை. சலவை நோட்டைக் கேட்கும் ஒரு துப்பறிவாளர். வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கும் மூச்சுமுட்டல். கொலையுண்ட குழந்தையை அவர் தொடவே இல்லை. நாவலில் காணாமல் போவது ஒரு வைரம். இரத்தக்கறை இருந்த இடத்தில் கதவில் பூசிய ஈரப் பெயின்ட். அந்தக் குடும்பத்தின் துக்கத்தை அவர்களிடமே விட்டுவிட்டு, புதிரின் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

உங்கள் வெட்டி வைத்த செய்திகளிலும் அப்படி ஒரு சலவை நோட்டைத் தேடுங்கள். கணக்கில் உதைக்கும் ஏதோ ஒன்று இருக்கும்: பூட்டு உடையாத கதவு, குரைக்காத நாய், கொலை நடந்த அன்று காலையில் மட்டும் வாங்காமல் போன பால். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ‘இது வேறு யார் வீட்டில், வேறு என்ன காரணத்தால் நடந்திருக்கலாம்?’ என்று கேளுங்கள். அப்புறம் செய்தி நறுக்குகளை உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். எழுதி முடிக்கும்வரை திறக்காதீர்கள். நான் பிடிவாதமாகச் சொல்வது இது ஒன்றைத்தான்.

விடை தெரியாமல் எப்படி எழுதுவது என்று நினைக்கலாம். 1932-இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டது. அதிலிருந்து தூண்டுதல் பெற்று அகதா கிறிஸ்டி எழுதிய ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ 1934 ஜனவரியில் வந்தது. அந்த வழக்கில் குற்றவாளி என்று தண்டிக்கப்பட்ட ஹாப்ட்மான் கைதானது அதே ஆண்டு செப்டம்பரில்தான். கடத்தியவன் தப்பிவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியே அவருக்குப் போதுமாக இருந்தது. கடத்தலைக் கதைக்கு முந்தைய காலத்துக்குத் தள்ளி, ஆண் குழந்தையைப் பெண் குழந்தையாக்கி, கதையை இஸ்தான்புல்லிலிருந்து கிளம்பும் ரயிலில் ஏற்றிவிட்டார்.

நடக்கும் வழக்கை அடியொற்றி எழுதுவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. 1841-இல் நியூயார்க்கில் சுருட்டுக் கடையில் வேலைபார்த்த மேரி ராஜர்ஸ் ஹட்சன் ஆற்றில் பிணமாகக் கிடைத்தார். எட்கர் ஆலன் போ அதைப் பாரிஸுக்கு மாற்றி, உண்மை வழக்கையே தீர்த்துவைப்பேன் என்று தொடராக எழுதினார். 1842 நவம்பரிலும் டிசம்பரிலும் இரண்டு பகுதிகள் வந்தன. அதற்குள் வேறு திசையைக் காட்டும் புதுத் தகவல் வெளியாகிவிட்டது. மூன்றாம் பகுதி ஒரு மாதம் தள்ளிப்போய் 1843 பிப்ரவரியில் வந்தது. பின்னால் புத்தகமாக வந்தபோது வரிகளைத் திருத்தவேண்டியிருந்தது.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். விசாரணை முடியாத நிலையில் உயிரோடு இருக்கும் ஒருவரைக் குற்றவாளி என்று அடையாளம் தெரியும்படி எழுதவே எழுதாதீர்கள். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரோ வழக்கில் சிக்கிய சிறுவரோ இருந்தால், அடையாளம் காட்டும் எந்தக் குறிப்பையும் வெளியிடுவதற்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. ஆட்டோ சங்கரின் சுயசரிதையை நக்கீரன் வெளியிடுவது தொடர்பான வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. நீதிமன்ற ஆவணம் போன்ற பொதுப் பதிவுகளில் இருப்பதைச் சம்மதம் இல்லாமலே வெளியிடலாம். அதைத் தாண்டி ஒருவரின் சொந்த வாழ்க்கைக்குள் போனால் அந்தரங்க உரிமை குறுக்கே வரும். நாவல் என்பதே தாண்டிப் போவதுதான் என்பதால், உண்மை மனிதர்களை விட்டு விலகி நிற்பது உங்களுக்குப் பாதுகாப்பு.

நடைமுறை தெரிந்துகொள்ளப் பழைய வழக்குகளின் தீர்ப்புகளைப் படியுங்கள். உயர் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. யார் முதலில் பார்த்தார், சம்பவ இடத்தில் சாட்சிகளை வைத்துப் போலீசார் எழுதும் மகஜரில் யார் கையெழுத்துப் போட்டார், எந்தச் சாட்சி பிறழ்ந்தார் என்று நாளிதழ் சொல்லாததெல்லாம் அதில் இருக்கும். நம் மர்ம நாவல்கள் பலவற்றில் கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிடுவார், கதை முடிந்துவிடும். நிஜத்தில் போலீசிடம் சொன்ன ஒப்புதல் நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்காது. அவர் சொன்னதை வைத்து அரிவாளோ நகையோ கிடைத்தால், அந்தக் கண்டெடுப்போடு ஒட்டிய பகுதி மட்டும் செல்லும். இதைத் தெரிந்துகொண்டால் உங்கள் முடிவு எவ்வளவு இறுகும் பாருங்கள்.

எழுதிய 4 அத்தியாயத்தைக் கிழிக்கவேண்டாம். இறந்தவரின் அம்மா இதைக் கையில் வைத்துப் படிக்கிறார் என்று நினைத்து ஒருமுறை வாசியுங்கள். அவர் ‘இது என் பிள்ளை’ என்று நிறுத்தும் இடத்திலெல்லாம் பென்சிலால் கோடு போடுங்கள். அந்த இடங்களில் தொழில், வயது, உறவு, கொலை நடந்த விதம் எல்லாமே மாறவேண்டும். கோடு விழாத வரிகளிலிருந்து ஐந்தாவது அத்தியாயத்தைத் தொடங்குங்கள்.